முறிந்தது

டூங்காபி ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள பூங்கா.
பெப்ரவரி, ஞாயிறு, காலை ஒன்பதரை.
பிளாஸ்டிக் சறுக்கு அதற்குள் சுடத் தொடங்கியிருந்தது.
தனிய விட்டால் விழுந்துவிடுவாள் என்று
மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.
பாதி வழியில் அவள் சப்பாத்தின் ரப்பர் அடி
ஓரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டது.
கால் நின்றது.
என் எண்பத்துமூன்று கிலோ நிற்கவில்லை.

சத்தம் ஒன்று கேட்டது என்று
இரண்டு இரவுகள் நினைத்துக்கொண்டிருந்தேன்.
பிறகு யோசித்தால், அது மரத்தில் கொக்கட்டூ.

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில்
பதிவு மேசைப் பெண் கேட்டாள், எப்படி நடந்தது.
தாதி கேட்டாள், எப்படி நடந்தது.
எக்ஸ்ரேயோடு வந்த இளம் டாக்டர்
கதிரையை இழுத்துப் போட்டு, குரலைத் தணித்து,
முதலிலிருந்து ஒருமுறை சொல்லுங்கள் என்றார்.
ஏன் மூன்று முறை என்று எனக்குத் தெரியும்.
கேட்கத்தான் வேண்டும்,
கேட்காத ஊரில் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்.
ஆனாலும் மூன்றாம் தரம் சொல்லும்போது
கைகளை முழங்கால்களுக்கு நடுவில் ஒளித்துக்கொண்டேன்.

கணுக்காலுக்கு மேல்
கூரில்லாப் பென்சிலால் கிழித்ததுபோல் ஒரு சாய்கோடு.

ஆங்கிலத்தில்
முறிந்ததற்கும் முறித்ததற்கும் ஒரே சொல்.
அதற்குள் புகுந்து நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வந்தபின்தான் தமிழ் தொடங்கியது.
பாரிஸிலிருந்து சித்தப்பா, மார்க்கத்திலிருந்து
மச்சாள் தர்சிகா, கீழ் வீட்டு நகுலன்.
"சறுக்கில விழுந்திட்டாள். கால் முறிஞ்சு போச்சு."
முறிந்தது. முறித்தேன்.
நடுவில் ஒரு மெல்லினம், ஒரு வல்லினம்.
அந்த மெல்லினத்தில் நாலு கிழமை குடியிருந்தேன்.
சுகிர்தா வெங்காயம் உரித்தபடி
எல்லா அழைப்பையும் கேட்டாள்.
திருத்தவில்லை.

மாவுக்கட்டு என்றதும் யாதவி மாவைத் தேடினாள்.
மாவே இல்லாத மாவுக்கட்டு, ஊதா நிறம்.
நாற்பது பாகை வெயிலில் உள்ளே அரிக்கும்.
ஹேர் ட்ரையரைக் குளிரில் வைத்து
முழங்காலடியில் ஊதுவோம், மாறி மாறி.
பாண் வந்த பையில் காலைக் கட்டிக் குளிப்பாட்டினால்
தொட்டிக்கு வெளியே அதை நீட்டிக்கொண்டு
வரி வசூலிக்க வந்தவள்போல் இருப்பாள்.
மூன்றாம் நாளே தவழத் தொடங்கினாள்,
ஒரு வயதில் விட்ட இடத்திலிருந்து.
விடிய ஐந்து மணிக்கு டைல்ஸில்
டக், ஓர் இழுவை, டக்.
அந்தச் சத்தத்துக்கு நான் முன்னமே விழித்திருப்பேன்.

ஒருநாள் ஊதாக் கிரேயான் இரண்டாய்க் கிடந்தது.
"தானா முறிஞ்சது" என்றாள்
என் முகத்தையே பார்த்தபடி.
யாரிடம் படித்தாள் என்று கேட்கவில்லை.

கட்டு வெட்டும் வாள் இரைந்தபோது அழாதவள்
வெளியே வந்த காலைப் பார்த்து அழுதாள்.
"இது என்ர இல்லை."
மெலிந்து, செதில் செதிலாய்,
புளித்த தயிர் மணத்தோடு ஒரு கால்.
ஒரு வருடத்தில் எக்ஸ்ரேயிலும் தெரியாது என்றார் டாக்டர்.
எலும்புக்கு அவ்வளவு மறதி.

அன்றிரவு தர்சிகா திரும்ப எடுத்தாள்.
பிள்ளை எப்படி, நடக்கிறாளா,
விழாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.
"விழேல்லை, மச்சாள்.
மடியில வைச்சுச் சறுக்கினன்.
நான்தான் முறிச்சுப் போட்டன்."

மார்க்கத்தில் பனி அள்ளும் வண்டியின் பீப் பீப் கேட்டது.
வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன்.
இல்லை, விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.
"எங்கட மூத்தவன்ர விரல்" என்றாள்.
"கார்க் கதவு. நான்தான் சாத்தினனான்.
பன்னிரண்டு வருசம்.
இவருக்கும் தெரியாது."

அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை.
வைக்கவும் இல்லை.
எனக்குப் பின்னால் டைல்ஸில்
இரண்டு வெறுங்கால்கள் வந்துகொண்டிருந்தன,
ஒன்று கொஞ்சம் பிந்தி.